பிடித்த வேகத்தை விடாத பெட்டி

வியாழக்கிழமை, காலை 8.25.

காவலாளியின் விசில் கேட்டுக்கு வெளியே மண்ணில் கிடந்தது. அவர் கேட்டுக்கு உள்ளே, பத்தடி தள்ளிக் கிடந்தார். பாதி கட்டிய ஆஸ்பத்திரியின் முதல் தூணில் மூக்கை நசுக்கிக்கொண்டு ஒரு பழைய நீல நிறக் கார் நின்றது. ஓட்டி வந்த காண்ட்ராக்டருக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. காவலாளிக்கு உயிரே இல்லை.

"பிரேக்கை அழுத்துறேன், அழுத்துறேன், வண்டி நிக்கவே மாட்டேங்குது!" என்று கூடியவர்களிடமெல்லாம் சொன்னார் காண்ட்ராக்டர். "அந்த க்ரூஸ் கண்ட்ரோல் பெட்டி, காலை எடுத்தாலும் அதே வேகத்துல ஓட்டுமே, அதுதான்! திங்கட்கிழமைதான் ஒயர்காரன் மாட்டினான். அறுபதுல பிடிச்சுது, விடவே இல்ல!"

காவலாளியின் மனைவி அழவில்லை. கேட்டில் தொங்கும், வந்துபோகும் வண்டிகளை எழுதும் நோட்டைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காலை 10.10க்கு ஒயர்காரரைக் கூட்டி வந்துவிட்டார்கள். ஊரில் பாதி வண்டிகளுக்கு ரேடியோவும் ஹாரனும் மாட்டியவர். பதினொரு மணிக்கு, 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கும் வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். படித்துப் பார்த்தாரா? இல்லை. படித்தவர்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆள். இப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதால்தான் பல கேஸ்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

சப்-இன்ஸ்பெக்டருக்கு வயது இருபத்தாறு. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மின்னியல் படித்துவிட்டுக் காக்கிச் சட்டைக்கு வந்தவள். அவளுடைய அப்பாவும் இப்படிப் படிக்காமல் பல தாள்களில் கையெழுத்துப் போட்டவர்.

"ஒயர்காரனை அஞ்சு மணிக்குள்ள கோர்ட்ல நிறுத்தணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டியைப் பார்க்கணும்னா பாரு. சும்மா நோண்டிக்கிட்டு இருக்காதே."

அவள் நோண்டப் போனாள்.

காலை 11.40. ஸ்டேஷன் பின்னறை.

"மாட்டினதும் ஓட்டிப் பார்த்தீங்களா அண்ணே?"

"பன்னெண்டு கிலோமீட்டர் ஓட்டினேன் மேடம். அஞ்சு தடவை அறுபதுல பிடிக்க வச்சேன். அஞ்சு தடவையும் பிரேக்கைத் தொட்டதும் விட்டுருச்சு."

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஒரு மனுஷன் செத்துட்டானே. நான் மாட்டின பெட்டி. வேற யாரைச் சொல்ல?"

"திங்கட்கிழமைக்கு அப்புறம் வண்டியைத் தொட்டீங்களா?"

"இல்ல. நேத்து சாயங்காலம் காண்ட்ராக்டர் ஐயா போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்பியிருந்தாரு. வெள்ளிக்கிழமை கொண்டாங்கன்னு சொல்லிட்டேன். நேத்தே போய்ப் பார்த்திருந்தா..."

அவள் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டாள். புதன், மாலை 6.40. காண்ட்ராக்டரின் குரல்: "யோவ், என்னத்தய்யா மாட்டியிருக்க? பட்டனை அழுத்தி அழுத்தி விரல் தேஞ்சுபோச்சு. ஒரு தடவைகூடப் பிடிக்கல!"

இன்ஸ்பெக்டர் இதை ஏற்கெனவே கேட்டிருந்தார். 'புகார் வந்தும் அலட்சியம்' என்று இரண்டாவது ஆதாரமாக எழுதியும் வைத்திருந்தார்.

மதியம் 12.45. போலீஸ் வண்டிகள் நிற்கும் ஷெட்.

ஏட்டு முன்பு மெக்கானிக்காக இருந்தவர். பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, அதன் பிரேக் ஒயரில் ஷெட்டில் கிடந்த ஒரு பழைய பல்பைக் கோத்து, பேட்டரி கொடுத்தார். வேகத்துக்கான சிக்னல் கொடுத்தால், ஆக்சிலேட்டர் கேபிளை இழுக்கும் மோட்டார் இழுத்தது. பிரேக் ஒயரில் கரண்ட் கொடுத்தால் அந்த நொடியே விட்டது. இருபது தடவையும் அதேதான்.

"பெட்டி தங்கம் மேடம்."

"வண்டியில மாட்டிப் பாருங்க."

நசுங்கிய ரேடியேட்டருக்குப் பதில் தண்ணீர் ஹோஸைக் கட்டி, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓட்டினார்கள். முள் அறுபதைத் தொட்டதும் ஏட்டு பட்டனை அழுத்தினார். பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டியதே தவிர நிலைக்கவில்லை. ஒயர் எதுவும் அறுந்திருக்கவில்லை. அடியெல்லாம் முன்பக்கம். பின்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

ஏட்டு தலையைச் சொறிந்தார். "திங்கட்கிழமை வேலை செஞ்சுது. புதன்கிழமை பிடிக்கல. இன்னைக்குக் காலைல பிடிச்சு விடவே இல்ல. இப்போ மேசையில ஒழுங்கா இருக்கு, வண்டியில ஏறினா மறுபடி பிடிக்கல. இது பெட்டியா, என் மருமகனா? இடத்துக்கு ஒரு மாதிரி நடந்துக்குது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கையும் ஒரு தாளில் எழுதினாள். அடுத்தடுத்த எந்த இரண்டு வரியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எல்லோரும் உண்மை சொல்வதாக வைத்துக்கொண்டால் பெட்டிக்குப் பைத்தியம். பெட்டி ஒழுங்கு என்றால் எல்லோருக்கும் பைத்தியம். தாளைக் கசக்கினாள். பிறகு விரித்து மறுபடி படித்தாள்.

மதியம் 1.50.

காருக்குப் பின்னால் வந்த பார்சல் வேன்காரர் நல்லவர். நல்ல சாட்சி இல்லை.

"பிரேக் லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது மேடம். பல் டாக்டர் விளக்கு மாதிரி பளீர்னு. கண்ணு கூசிருச்சு."

"மோதுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சத்தம் முதல்லயா, வெளிச்சம் முதல்லயா..." கண்ணை மூடி யோசித்தார். "சத்தம்தான் முதல்லன்னு படுது. ஆனா சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க, குழம்பிப் போயிருக்கேன்."

"நானும்தான்," என்றாள்.

மதியம் 2.30. காண்ட்ராக்டர் வீடு.

நெற்றியில் பிளாஸ்திரியோடு சோபாவில் சாய்ந்திருந்தார். "ஏம்மா, அவன்தான் கையெழுத்துப் போட்டுட்டானாமே? இன்னும் எதுக்கு அலையிற?"

"சின்ன சந்தேகம் சார். வெளியூருக்கு இந்த வண்டியில போவீங்களா?"

"இந்தக் கிழட்டு வண்டியிலயா? வீடு, சைட்டு, வீடு. நாலு கிலோமீட்டர்."

"வழியில எத்தனை சிக்னல்?"

"அஞ்சு."

"அப்புறம் க்ரூஸ் எதுக்கு?"

முழங்காலைத் தடவிக்கொண்டார். "கால் வலிம்மா. வயசாகுதில்ல."

"காவலாளியைத் தெரியுமா?"

"கேட்ல நிக்கிறவனையெல்லாம் தெரிஞ்சு வச்சுக்க முடியுமா?"

வாசல்வரை கொண்டுவிட வந்தது அவருடைய மகள். காலேஜ் இரண்டாம் வருடம். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, வண்டி பின்பக்கம் அடிபட்டிருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"பிரேக் லைட் ரெண்டும் நேத்து மத்தியானம் நான்தான் மாத்தினேன். மங்கலா இருக்குன்னு அப்பா திட்டிக்கிட்டே இருப்பாரு. வீடியோ பார்த்து எல்.இ.டி. மாட்டினேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல. தானா கவனிக்கிறாரான்னு பார்ப்போம்னு..."

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு அப்படியே நின்றாள். "பழைய பல்பு எங்க?"

"டிக்கியில. துணியில சுத்தி வச்சிருக்கேன்."

மாலை 4.05. இன்ஸ்பெக்டர் அறை.

கடைசியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று காண்ட்ராக்டரை வரவழைத்திருந்தாள். மூலையில் ஒயர்காரரும் ஏட்டும். மேசையில் துணியில் சுற்றிய இரண்டு பல்புகள்.

"புதன்கிழமை புகார்ல என்ன சொன்னீங்க சார்?"

"பெட்டி சரியில்லன்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லல. பிடிக்கலன்னு சொன்னீங்க. இன்னைக்கு விடலன்னு சொல்றீங்க. நாங்க எல்லாருமே ரெண்டையும் 'கோளாறு'ன்னு ஒரே மூட்டையில கட்டிட்டோம். அங்கதான் குழம்பினோம். பிடிக்காத பெட்டி எப்படி சார் விடாம இருக்கும்?"

"காலைல பிடிச்சிருச்சும்மா. மெஷின்தானே!"

"பிடிச்சிருக்கவே முடியாது." ஒரு பல்பை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "உள்ள கம்பிச்சுருள் தெரியுதா? பிரேக்கை அழுத்தாதப்போ பெட்டி இந்தச் சுருள் வழியாத்தான் பிரேக் லைன் முழுசா இருக்கான்னு பார்க்கும். இருந்தாத்தான் பிடிக்கும். லைன் அறுந்திருந்தா பிரேக் போட்டது அதுக்குத் தெரியாம போயிரும் இல்லையா? அதுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. எல்.இ.டி.ல சுருள் கிடையாது. மாட்டினா, லைன் அறுந்துபோச்சுன்னு முடிவு பண்ணி உட்கார்ந்திரும். நேத்து மத்தியானம் உங்க வண்டிக்கு எல்.இ.டி. மாட்டினாங்க. சாயங்காலம் பிடிக்கல. காலைலயும் பிடிச்சிருக்காது. வேன்காரர் கண்ணைக் கூச வச்சது அந்த லைட்டுதான். மூணரை மணிக்குப் பழைய பல்பைப் போட்டோம், உடனே பிடிச்சுது. எல்.இ.டி. போட்டோம், பிடிக்கல. பத்துத் தடவை மாத்தி மாத்திப் போட்டாச்சு. ஏட்டுக்குக் கையே வலிக்குது."

ஏட்டு கையை ஆட்டிக் காட்டினார்.

"யாரு... யாரு மாத்தினது?" காண்ட்ராக்டரின் குரல் இறங்கியிருந்தது.

அவள் பல்பைத் துணியின்மேல் வைத்தாள். "வண்டியை அறுபதுல ஓட்டினது பெட்டி இல்ல சார், உங்க கால். அஞ்சு சிக்னல் இருக்கிற நாலு கிலோமீட்டருக்கு ஏன் க்ரூஸ் வாங்கினீங்கன்னு இப்பத்தான் புரியுது. ஓட்டுறதுக்கு இல்ல. பழி போடுறதுக்கு. நேத்து பிடிக்கலன்னதும் நிஜமாவே எரிச்சல்ல திட்டினீங்க. அப்புறம் அந்தத் திட்டே புகாரா உதவும்னு விட்டுட்டீங்க. பெட்டியைப் பத்தித் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டீங்க."

காவலாளியின் நோட்டை மேசையில் திறந்தாள். காலையில் அந்த மனைவி எதற்காக அதை அணைத்துக்கொண்டிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மணிக்குத்தான் இவள் போய்க் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்று வந்த கம்பியையும் சிமெண்டையும் மறுநாளே வெளியே ஏற்றிப்போன லாரிகள், நேரம், வண்டி எண், பதினொரு பக்கம், குண்டு குண்டான கையெழுத்தில். நாளைக் காலை விசாரணைக்கு வரும் அதிகாரிகளிடம் காட்ட வைத்திருந்தது.

"இந்தப் பக்கம் பாருங்க. 'நோட்டைக் கிழிக்கச் சொல்லி காண்ட்ராக்டர் ஐயா நேரில் வந்தார். மறுத்தேன்.' போன சனிக்கிழமை. திங்கட்கிழமை நீங்க க்ரூஸ் மாட்டினீங்க. கேட்ல நிக்கிறவனைத் தெரியாதுன்னீங்களே?"

காண்ட்ராக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

கதவருகே சத்தம். அப்பாவின் மாத்திரையோடு வந்த மகள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ. "அக்கா... நான் பல்பு மாத்தினதாலதான் அந்த ஆள் செத்தாரா?"

"இல்லம்மா. உன்னால யாரும் சாகல."

மகள் நிம்மதியாகத் தலையாட்டினாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மாத்திரையை அவரிடம் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மாலை 4.50.

ஒயர்காரரின் பழைய வாக்குமூலம் கோப்பில் ரத்து என்ற முத்திரையோடு கிடந்தது. அவர் முன்னால் புதுத் தாள். எழுதியது சப்-இன்ஸ்பெக்டர்.

"சட்டுனு கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒயர்காரர் பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார்.

"படிச்சுட்டுப் போடுறேங்க."

விரலை முதல் வரியில் வைத்தார். உதடுகள் அசைந்தன. ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆனது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா படிங்கண்ணே. எழுதினது நான். தப்பு இருந்தா சொல்லுங்க."

மூன்றாவது வரியில் அவர் விரல் நின்றது. "மேடம், அஞ்சு தடவை பிடிக்க வச்சேன்னு சொன்னேன். நாலுன்னு எழுதியிருக்கீங்க."

அவள் பேனாவைத் திறந்து திருத்தினாள்.