அடிக்குரல்

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

அர்னெல் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். அது அவன் மூச்சு இல்லை. மைக் முன்னால் வாயை மூடி, மூக்கால் சத்தமில்லாமல் இழுப்பது அவன் பழக்கம். இதுவோ, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் இழுப்பதுபோல ஆவென்று இழுத்த மூச்சு.

டோண்டோ பேட்டையில், பாட்டுப் பதிந்து கொடுக்கிற ஜெபோயின் மாடி அறைதான் ஸ்டூடியோ. மூலையில் நின்ற பழைய துணி அலமாரிதான் பாடும் இடம். உள்ளே சுவரெல்லாம் கம்பளி, முட்டை அட்டை, ஒரு மைக், என்றைக்கும் காயாத வியர்வை நாற்றம். வெளியே மத்தியான மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டில் ஒருத்தர் கரோக்கேயில் ஒரு காதல் பாட்டின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்க, கீழே மீன் பொரியும் வாசனை படியேறி வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொண்டது.

அர்னெலை ஊருக்கு ‘உலிங்’ என்று சொன்னால்தான் தெரியும். கரி என்று அர்த்தம். முதல் ஆல்பம் வந்தபோது ஜீப்னி வண்டி ஓட்டுகிறவர்கள்கூட அவன் ராப்பை முணுமுணுத்தார்கள். அப்புறம் துபாய், கிடங்கு வேலை, வருஷக்கணக்கில் ஊமை வாழ்க்கை. இப்போதுதான் இரண்டாவது ஆல்பம். இதுவும் போனால் திரும்ப விமானம் ஏற வேண்டியதுதான். அவன் குரலுக்கு இன்னொரு வாய்ப்பு யாரும் தரப்போவதில்லை.

“இந்த மூச்சு யாரோடதுடா?”

“உன்னோடதுதான் குயா,” என்றான் ஜெபோய். தன்னைவிட மூத்த எல்லோரும் அவனுக்குக் குயாதான், அண்ணன்தான். “துபாய் தூசி இன்னும் நெஞ்சுல இருக்கும். இருமித் துப்பு.”

ஒரு வரியைப் பாடியபிறகு அதையே இன்னொரு தடவை பாடி முதல் குரலுக்கு அடியில் வைப்பார்கள். அப்போதுதான் வரி கனமாக விழும். முதல் ஆல்பத்தில் அந்த அடிக்குரல் அவன் கூட்டாளி ஒபெட்டுடையது; வரிக்கு முன்னால் வாயைத் திறந்து ஆவென்று மூச்சிழுப்பான். இரண்டாவதிலும் கூப்பிடுவான் என்று ஒபெட் காத்திருந்தான். “இந்தத் தடவை என் குரல் மட்டும்தான்,” என்று அர்னெல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். போன மாதம் ஈரல் கெட்டு ஒபெட் போய்ச் சேர்ந்தான்.

இந்த ஊரில் சாவு வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. செத்தவர் கூடவே வந்துவிடாமல் இருக்க, வழியில் எங்காவது ஒதுங்கி உதறிவிட்டுத்தான் போவார்கள். ஒரு டீக்கடை போதும். ஒபெட்டின் சாவுக்குப் போன அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. மனைவியும் மகளும் இருக்கிற வீட்டுக்கு அதைக் கொண்டுபோகக்கூடாதே என்று அர்னெல் ஒதுங்கியது இங்கே. சும்மா நிற்பானேன் என்று அலமாரிக்குள் நுழைந்து ஒரு வரி பதிந்துவிட்டுக் கிளம்பினான்.

இப்போதும் அவன் சந்தேகம் ஒபெட் மேல் இல்லை, ஜெபோய் மேல்தான். பழைய டேப்பைத் தோண்டி ஒபெட்டின் குரலை அடியில் செருகுகிறான். பழைய ஜோடி திரும்பி வந்துவிட்டது என்று விளம்பரம் பண்ணப் பார்க்கிறான்.

“ஒபெட்ட உள்ள நுழைச்சியா? உண்மையச் சொல்லு.”

“அம்மா சத்தியமா இல்ல குயா. அடியில இருக்கறதும் நீ பாடினதுதான்.” ஜெபோய் சிரித்தான். சிரித்தபோது அவன் கண் அலமாரிப் பக்கம் ஒருமுறை போய்வந்தது. “முன்னைவிட நல்லாதானே இருக்கு? நோண்டாம விடேன்.”

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அர்னெல் முடிவுசெய்தான். யாருக்கும் தெரியாத ஒரு வரி அவனிடம் இருந்தது. துபாயிலிருந்து திரும்பிய அன்று மகள் அவனை யாரோ என்று நினைத்து மாமா என்று கூப்பிட்டது. எழுதவில்லை, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இதற்கு எந்த டேப்பிலிருந்து குரல் எடுப்பான், பார்க்கலாம்.

“ஒரே தடவைதான் பாடுவேன். அடிக்குரல் கிடையாது.”

அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டான். மழைச் சத்தம் அடங்கியது. கம்பளி பிடரியில் உரசியது. தாளம் வந்தது. வாயைத் திறந்தான்.

மூச்சு. பிறகு அந்த வரி, ஹெட்போனில். மாமா என்ற சொல். அவன் நாக்கு அதைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால்.

நிறுத்த நினைத்தான். வாய் நிற்கவில்லை. முன்னால் போகிற குரலின் பின்னால் ஓடியது. தடுமாறாமல். ஒட்டிக்கொண்டு. தாளம் முடியும்வரை.

அப்போதுதான் புரிந்தது. அடியில் இருப்பது அர்னெல்தான்.

“தூள் குயா! ஒரே டேக்!” ஜெபோய் கைதட்டுவது ஹெட்போனில் கேட்டது. படியில் செருப்புச் சத்தம். சோற்றுப் பாத்திரத்தோடு அர்னெலின் மனைவி லிசெல்.

“பாடினது போதும், வா. மீன் ஆறிடும்.”

“இதோ வந்துட்டேன்,” என்றது அர்னெலின் குரல்.

அவன் வாய் மூடியிருந்தது.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் முட்டினான். கம்பளிதான் அமுங்கியது. கதவிடுக்கில் கண்ணை வைத்தான். நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு மட்டும் தெரிந்தது. அவன் சட்டை. லிசெல் அந்தத் தோளில் கைவைத்துக்கொண்டு சோறு வைத்தாள்.

“லிசெல்!”

யாரும் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகள். மேலே ‘உலிங்’. கீழே ‘அடிக்குரல்’. அவன் கத்தக் கத்தக் கீழ்க்கோடு துள்ளியது.

“அடியில கொஞ்சம் இரைச்சல் வருது குயா,” என்றான் ஜெபோய்.

ஆவென்று ஒரு மூச்சு இழுத்து, “கொறைச்சிடு,” என்றது நாற்காலியிலிருந்து அவன் குரல், வாயில் சோற்றோடு.

ஜெபோய் கை நீட்டி, கோடு அசையாமல் கிடக்கும்வரை இறக்கினான்.