பத்து மணிக்குள் ஒரு குறை

ஏழாம் நாள் காலை கண் விழித்ததும் சிசிலியா வழக்கம்போல் குறை தேட ஆரம்பித்தாள். முதலில் மெத்தையை அழுத்திப் பார்த்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் கெட்டியாக, தோளுக்கு மெத்தென்று, ஆளை அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. தலையணையில் வாடை இல்லை. திரை தானாக விலகியது. கடல் தெரிந்தது, அதுவும் கண் கூசாத வெளிச்சத்தில். குளியலறையில் தண்ணீர் அவள் நினைத்த சூட்டில் விழுந்தது. பாழாய்ப்போன விடுதி, ஒரு கொசுவைக்கூட விட்டுவைக்கவில்லை.

மணிக்கட்டில் நிறைவு வளை பச்சையாக மினுங்கியது. தங்கலைப் பற்றி மனது என்ன நினைக்கிறது என்பதை மட்டும் அது அளக்கும். மற்றக் கவலைகள் அதற்குத் தேவையில்லை. பச்சை என்றால் திருப்தி. அந்தப் பச்சை மேல் அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

கடல் ஏறி வந்து தென்கரை ஊர்களைக் காலி செய்ய வைத்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. பிறகு சுவர் எழுப்பி, மணல் கொட்டிக் கரையை மீட்டார்கள். மீட்டதும் புன்னைத்துறை இருந்த இடத்தில் இந்த ‘நீலநிறைவு’ விடுதி முளைத்தது. ஊர்க்காரர்களுக்கு இருபது கிலோமீட்டர் உள்ளே அடுக்குமாடி கிடைத்தது, கூடவே ஒரு சட்டமும். இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பமும் வருடத்துக்கு ஏழு நாள் இந்த விடுதியில் சாப்பாடு, படுக்கை, வைத்தியம், படகுச் சவாரி எல்லாம் அடங்கத் தங்கலாம். கிளம்பும்போது தீராத குறை ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் குடும்பத்துக்கு இழப்பே இல்லை என்று பொருள். அதோடு அவர்களுடைய கரையுரிமை காலாவதியாகிவிடும். வராமலே இருந்தாலும் அதே கதிதான். சட்டம் எழுதியவர்கள் மகா கெட்டிக்காரர்கள். சந்தோஷமாக இருக்கிறவனிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்?

குறைக்கும் விதி உண்டு. “எங்கள் ஊரைத் திருப்பிக் கொடுங்கள்” என்று முதல் வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் சொல்லி வைத்தாற்போல எழுதிக் கொடுத்தன. ‘தங்கலுக்குத் தொடர்பற்றது’ என்று அத்தனையும் திரும்பி வந்தன; அவசரமாக வேறு குறை எழுதித்தான் அந்த வருடம் தப்பினார்கள். பொய்க் குறையும் செல்லாது. வளை பச்சையாக இருந்தால் பதிவாகாது. கடைசி நாள் காலை பத்து மணிக்குள் மனதார ஒரு குறை சொல்ல வேண்டும், அது நண்பகல்வரை தீராமல் இருக்க வேண்டும். தீர்ப்பது உபசாரி. விடுதி முழுக்கச் சுவரிலும் மேசையிலும் இருந்து பேசும் செயற்கை நுண்ணறிவு அது. அதற்குக் கோபம் வராது, அலுப்பும் வராது.

ஒவ்வொரு குடும்பமாக விழுந்தது. ஒருவருக்கு மூட்டு வலியைக் குணமாக்கி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியைக் கூட்டிவந்து சேர்த்து வைத்தார்கள். குறை சொல்லவா தோன்றும்? இப்போது மிச்சம் சிசிலியா ஒருத்திதான். அவள் உரிமை இருக்கும்வரை கரையை யாரும் நிரந்தரமாக எழுதிக்கொள்ள முடியாது. அதுவும் போய்விட்டால் புன்னைத்துறைக்காரர் என்று இந்த மணலில் யாரும் இனிக் கால் வைக்க முடியாது.

ஒன்பது வருடம் சமாளித்துவிட்டாள். அலைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றாள். அடுத்த வருடம் சத்தம் புகாத சுவர் வந்தது. காக்கை என்றாள், காக்கைகள் போன இடம் தெரியவில்லை. போன வருடம் ஏழாம் நாள் மழை பெய்து காப்பாற்றியது. இந்த வருடம் கூரை மேல் மேகந்திருப்பி என்று ஒரு கருவியை நட்டுவைத்திருக்கிறார்கள். இந்த வாரம் சொன்ன நான்கு குறைகளையும் உபசாரி சோறு வேகும் நேரத்துக்குள் தீர்த்துவிட்டது.

இதற்காக வருடம் முழுக்கப் பழகவேண்டியிருந்தது. ‘நல்லா இருக்கு’ என்ற வார்த்தையைச் சொல்லிப் பழகிவிட்டால் மனசு இளகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். தை மாதம் மகள் ரெனிட்டாவின் கல்யாணத்தில் ஊரே பிரியாணியைப் புகழ்ந்தபோது, அவள் மட்டும் உப்பு குறைவு என்றாள். ரெனிட்டா இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிசிலியா அன்றைக்கு அழுதாள், ஆனால் யாரும் பார்க்க அழவில்லை.

ஒன்பது மணிக்கு அம்மாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடலில் குளித்துவிட்டு வந்த ரெனிட்டாவின் தலையில் இன்னும் ஈரம் இருந்தது. இட்லியும் சாளை மீன் குழம்பும் வந்தன. ஒரு வாய் வைத்ததுமே சிசிலியாவுக்குத் தெரிந்துவிட்டது, தொலைந்தோம் என்று. புளி, காரம், தேங்காய் மூன்றும் அப்படி ஒன்றுக்கொன்று இடம்விட்டு நின்றன. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள். வளை கரும்பச்சையாயிற்று.

ரெனிட்டா அதைப் பார்த்தாள்.

“எம்மா, போதும்மா. மத்த எல்லாரும் விட்டுட்டு நிம்மதியா இருக்காவ. நீ ஒருத்தி எத்தன வருசம் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு அலைவ? நல்லாருக்குன்னு நீ சொல்லி நான் கேட்டதே கெடையாது.”

சிசிலியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதே முக்கால் ஆகப்போகிறது. தோற்றுவிட்டோம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, அடுக்குமாடியில் தினமும் செய்வதுபோல, தட்டை எடுத்துக்கொண்டு கழுவ எழுந்தாள்.

நிமலன் ஓடிவந்தான். இந்த வாரம் அவர்களைக் கவனிக்க நியமித்திருந்த பையன், ஈரோட்டுப் பக்கத்துக்காரன், தங்கமானவன். தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க எதுக்குங்க அதெல்லாம் எடுக்கறீங்க? குடுங்கம்மா.”

“என் எச்சித் தட்ட நான் கழுவக் கூடாதா தம்பி?”

“அதுக்கெல்லாம் ஆள் இருக்குதுங்க. நீங்க விருந்தாளிங்க.”

ஒன்பது வருடமாகக் கேட்ட வார்த்தைதான். ஆனால் இன்றைக்குத் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது வேறு மாதிரி விழுந்தது. இவன் ஈரோட்டிலிருந்து வந்தவன். அவள் புன்னைத்துறைக்காரி. யார் யாருக்கு விருந்தாளி? உச்சந்தலைவரை சுறுசுறுவென்று கோபம் ஏறியது. வளை பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாயிற்று.

சிசிலியா அந்தச் சிவப்பை ஒரு நொடி பார்த்தாள். இத்தனை வருடம் எல்லாருமே கொடுத்த பொருளில்தான் குறை தேடியிருக்கிறார்கள். தங்களை எங்கே உட்காரவைத்துக் கொடுத்தார்கள் என்று ஒருவருமே பார்க்கவில்லை, அவள் உட்பட.

“உபசாரி, குறை எழுது,” என்றாள்.

“சொல்லுங்கள், சிசிலியா அம்மா,” என்றது மேசை.

“என்னைய இங்க விருந்தாளியா வச்சிருக்கிய. அதான் என் கொற.”

“தங்கலுக்குத் தொடர்புடையது. வளை சிவப்பு. ஒன்பது நாற்பத்தெட்டுக்கு ஏற்கப்பட்டது.”

உபசாரி உடனே வேலையை ஆரம்பித்தது. முதலில் நிமலனிடம் தட்டை விடச் சொன்னது. சிசிலியா போய்க் கழுவிவிட்டு வந்தாள். வளை சிவப்பாகவே இருந்தது. இனி உங்களைக் குடும்பத்தில் ஒருவர் என்று அழைப்போம் என்றது. கூப்பிடுவதை யார் கேட்டது, பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறாய் என்று அவள் திருப்பிக் கேட்டாள். விருந்தாளி என்று எழுதியிருப்பதாக அது ஒப்புக்கொண்டது.

“அத அடி.”

“அடித்தால் வேறொன்று எழுத வேண்டும். விருந்தாளி அல்லாமல் இங்கே இருப்பவர்கள் மூன்று வகை. பணியாளர், அத்துமீறி நுழைந்தவர், கரையுரிமையாளர். பணியாளராகச் சம்மதமா?”

“இல்ல.”

“நீங்கள் அழைக்கப்பட்டு வந்தவர். ஆகவே அத்துமீறியவர் என்று எழுத இயலாது.”

அதற்குப் பிறகு மேசை பேசவில்லை. ஒன்பது வருடத்தில் உபசாரி வாயடைத்துப்போய் அவள் பார்த்ததில்லை. நிமலனுக்கு இரண்டு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. விளங்கியதும் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். குறையைத் தீர்த்தால் அவள் கரையுரிமையாளர் என்று விடுதியே தன் கையால் எழுதிக்கொடுத்ததாகிவிடும். தீர்க்காவிட்டால் உரிமை இருந்தபடி இருக்கும்.

மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெரிய அறை தருகிறோம் என்றார்கள், பதினைந்து நாளாக நீட்டிக்கிறோம் என்றார்கள், தட்டு கழுவத் தனியாக ஒரு தொட்டியே கட்டித் தருகிறோம் என்றார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வசதிக்கும் வளை இன்னும் கொஞ்சம் சிவந்தது. அவர்களில் மூத்தவர் ஒருவர், இதைவிட என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று அலுத்துக்கொண்டார். வேண்டியதை எழுதிக் கொடுத்தாயிற்று என்றாள் சிசிலியா.

நண்பகல் மணி அடித்தது.

“குறை தீரவில்லை,” என்றது உபசாரி. “தீரும்வரை வருடாவருடம் தொடரும்.”

மூன்று பேரும் போனார்கள். அடுத்த வருடம் இனி மெத்தையை அழுத்திப் பார்க்க வேண்டாம். மழைக்காக வானத்தைப் பார்க்க வேண்டாம். சிசிலியா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் பசி தெரிந்தது.

காலைக் குழம்பு மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். நிமலன் சூடாக்கிக் கொண்டுவந்தான். அம்மாவும் மகளும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள்.

“கொழம்பு நல்லா இருக்கு தம்பி,” என்றாள் சிசிலியா. “வச்சவங்ககிட்டச் சொல்லிரு.”

ரெனிட்டாவின் கை பாதி வழியில் நின்றது. அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். சிசிலியா குனிந்தபடி முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

“ஏட்டி, உன் கல்யாணப் பிரியாணியில உப்பு சரியாத்தான் இருந்துச்சு.”

ரெனிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமாகத்தான் கேட்டாள்.

“இத இப்பவாம்மா சொல்லுவ?”

“இப்பத்தானட்டி சொல்ல முடியுது.”

சாப்பிட்டு முடித்து இருவரும் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நிமலன் ஒதுங்கி வழிவிட்டான்.