நாலு மணிக்கு இடப்பக்கம்

நாலு மணிக்குத் திருப்பிப் படுக்கவைக்க அவள் வந்தபோது ஹெட்மாஸ்டர் ஏற்கெனவே இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக விரல்கூட அசையாத மனிதர்; படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை யாராவதுதான் திருப்பிவிட வேண்டும். இப்போது பார்த்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை, முதுகுக்கு முட்டாக மடித்த போர்வை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்துத் திருப்ப வேண்டும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியும் அவளுக்கு இவ்வளவு நேர்த்தியாக ஒருநாளும் வந்ததில்லை.

நாற்பத்திரண்டு வயதில் முதியோர் பராமரிப்புப் படிப்பு. "வயசானவங்களைப் பாத்துக்கப் படிக்கிறேன்னு நீயே கிழவியாயிட்டம்மா" என்று மகள் கேலி செய்வாள். காலையில் வகுப்பு, மதியம் இந்த முதியோர் இல்லத்தில் பயிற்சி, வீட்டுக்குப் போனால் அடுப்பு, அப்புறம் பாடம். இன்று உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் பன்னிரண்டு மணிக்கே, கால்மாட்டில் தொங்கும் அட்டையில், இரண்டு மணி வலம், நாலு மணி இடம், ஆறு மணி வலம் என்று மூன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இரண்டு மணிக்கு இந்தப் பக்கமே வரவில்லை. சலவைத் துணி மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

"சிஸ்டர், இவரை நீங்களா திருப்பினீங்க?"

உள்ளே வந்த சிஸ்டர் அட்டையைப் பார்த்தாள். கட்டிலைப் பார்க்கவில்லை; அவள் எப்போதுமே பார்ப்பதில்லை.

"நானா? என் இடுப்பையே என்னால திருப்ப முடியல. இங்க உன் கையெழுத்துதானே இருக்கு?"

உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போச்சு. இங்கேயே தருவதாகச் சொன்ன வேலையும் போச்சு. ஒன்றரை வருஷப் பாடு.

"ஆமா சிஸ்டர், நான்தான். மறந்தே போச்சு."

சிஸ்டர் போனதும் ஹெட்மாஸ்டரின் உதடு அசைந்தது. பவுடரும் மருந்தும் கலந்த வாடைக்குள் அவள் குனிந்தாள்.

"உன் கை ஏம்மா அவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு? ரெண்டு மணிக்கும் அப்படித்தான்."

ஆறு மணிக்கு யார் வந்தாலும் பார்த்துவிடுவது என்று அவள், காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது. கழுவும் தொட்டியில் தண்ணீர் சொட்டியது. கால் கனத்தது, கண் எரிந்தது. ஒரே ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்தால் என்ன.

விழித்தபோது எதிரே சுவர்.

காதுவரை போர்வை. கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. காலும் வரவில்லை. நாக்கும்.

முழங்கால்களுக்கு நடுவே தலையணை. குதிகால் மெத்தையில் படவில்லை.

கால்மாட்டில் பேனா எழுதும் சத்தம். நின்றது.

செருப்புச் சத்தம். சிஸ்டர்! அட்டையைத் தூக்கும் சத்தம்.

"புது பேஷண்டா? நம்ம பயிற்சிக்கு வந்தவ விடியற வரைக்கும் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்காளே. கெட்டிக்காரிதான்."

செருப்புச் சத்தம் தூரப் போனது.

தோளில் ஒரு கை. இடுப்பில் ஒரு கை. சொல்லிக்கொடுத்த அதே இடத்தில்.

சில்லென்று.