எதிர்க்கடை எலுமிச்சை ஐஸ்

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகலில், பார் நடத்தும் பெண் ஒருத்தி துப்பறிவாளரின் அறைக்குள் வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"நான் கண்டுபிடிச்சதை எதிர்க்கடைக்காரி விக்கிறா சார்!"

கோடை முழுவதும் அவள் பாரில் கூட்டம் சேர்த்தது ஒரே ஒரு கோப்பைதான். இத்தாலிய பாணியில் பால் சேர்க்காத எலுமிச்சை ஐஸ், கொஞ்சம் வோட்கா, நுரைக்கும் ஒயின். இப்போது அதே ருசி தெருவுக்கு அந்தப் பக்கமும் கிடைத்தது.

"எப்படிச் செய்வீங்க?"

"எலுமிச்சைத் தோலைச் சர்க்கரைப் பாகுல ஊறவச்சு, சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து உறைய விடணும். எடுத்த உடனே அடிக்கக் கூடாது, கல்லு மாதிரி இருக்கும். ஊடல் தீரணும்..." அவள் முகம் சிவந்தது. "அதாவது, இளகணும். அது நானும் அவரும் வீட்டுல மட்டும் விளையாட்டா சொல்றது. அப்புறம் வோட்கா விட்டு, ஒயினைக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்தி அடிக்கணும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு. அப்புறம் கூட வேலை செய்யற என் சித்தி பொண்ணுக்கு. அவ எதிர்க்கடை வாசல்ல நின்னதை அவரே பார்த்தாராம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பெட்டியைக் கட்டச் சொல்லிட்டேன். அப்பா அம்மா இல்லாதவ சார், நான் வளர்த்த பொண்ணு. தப்பா அனுப்பிடக் கூடாதேன்னுதான் வந்தேன்."

அவள் போனதும் துப்பறிவாளரின் உதவியாளப் பெண் வெடித்தாள். எதற்கும் முந்திக்கொண்டு வெடிப்பதால் அவளுக்குப் பட்டாசு என்றே பெயர்.

"தங்கச்சிதான் சார்! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எனக்குத் தாகமா இருக்கு, வா," என்றார் அவர்.

எதிர்க்கடையில் இரண்டு கோப்பை கேட்டார்கள். கடைக்காரி ஐஸைக் கரண்டியால் அழுத்திப் பார்த்துவிட்டு, அவசரப்பட்ட பரிமாறுபவரை அதட்டினாள். "பொறுய்யா, இன்னும் ஊடல் தீரல."

பட்டாசு வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். துப்பறிவாளர் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் பாரில் செய்முறை தெரிந்த மூன்று பேரும் இருந்தார்கள். தங்கையின் காலடியில் பெட்டி. மேடையில், அப்போதுதான் வெளியே எடுத்த எலுமிச்சை ஐஸ்.

துப்பறிவாளர் பொதுவாகக் கேட்டார். "ஊடல் தீர்ந்திருக்குமா?"

தங்கை பதறிப்போனாள். "என்னக்கா, உனக்கும் அத்தானுக்கும் சண்டையா?"

கணவனின் கை தானாகக் கரண்டியை எடுத்து ஐஸை அழுத்தியது. "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்," என்றான்.

"செய்முறை மூணு பேருக்குத் தெரியும்," என்றார் துப்பறிவாளர். "இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்திருந்தா, எதிர்க்கடையில 'இளகல'ன்னு சொல்லியிருப்பாங்க. அங்க 'ஊடல் தீரல'ன்னு சொன்னாங்க. அந்த வார்த்தை தெரிஞ்சவங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தர் என்கிட்ட வந்து முறையிட்டாங்க."

கணவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஒரு ஐஸ் விஷயம். இதுக்குப் போய்..."

"ஐஸ் செய்யறதைக் கடை நடுவுல நின்னுகூடச் சொல்லிக் குடுக்கலாம்," என்றாள் மனைவி. "அந்த வார்த்தையை அவகிட்ட எங்க வச்சுச் சொன்னீங்க?"

வியாபாரம் போயிருந்தால் தாங்கியிருப்பாள். பழியைத் தூக்கி இந்தப் பெண் தலையில் போட்டானே, தானும் அதை நம்பினோமே என்பதுதான் தாங்கவில்லை. தங்கை பக்கம் திரும்பினாள்.

"நீ ஏண்டி எதிர்த்து ஒண்ணும் பேசல? அந்த வாசல்ல எதுக்குடி நின்ன?"

"அத்தான் உள்ள போனதைப் பார்த்துட்டு நின்னேன்க்கா. சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவேன்னுதான்..."

அக்கா அந்தப் பெட்டியைத் தூக்கி உள் அறையில் வைத்துவிட்டு வந்து, கணவன் முன்னால் கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவியைக் குடுங்க."