பின்னால் போன சீட்

ஓராண்டாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையை ஹல்பேரா திறந்தபோது உள்ளே வண்டல் வாடை அடித்தது. ஆட்டுக் கம்பளி நாறலாம், பழைய எண்ணெய் நாறலாம். ஆனால் இது பனிப்பாறை உருகி ஓடிவரும் சாம்பலாற்றின் வாடை. ஆறு இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பெடலுக்குக் கால் எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் போயிருந்தது.

போன வருடம் வண்டியைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியவள் அவள்தான். அவளோ குள்ளம். சீட்டை அவ்வளவு தூரம் தள்ளிப்போட்டு உட்கார ஊரிலேயே ஒருவனுக்குத்தான் கால் நீளம். அவள் கணவன் தோர்கெல். அவனைத்தான் போன இலையுதிர் காலத்தில் ஆறு கொண்டுபோய்விட்டது.

"சீட் கொக்கியோட பல்லு தேஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தபடி சீட்டை முன்னால் இழுத்துப் பூட்டினாள். சாவியைத் திருகினாள். ஒரே திருகில் வண்டி உறுமியது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப மட்டும் நல்லா கிளம்பு. அன்னிக்கு எங்கே போச்சு உன் சூரத்தனம்?"

இருபது குளிர்காலம் அந்த வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. பனிப்புயலில் மற்ற பண்ணைகளின் வண்டிகள் மூச்சடைத்து நிற்கும்போது, தோர்கெலுடையது மட்டும் டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு பனிமேல் நடந்து போகும். "வானிலை ஏமாத்தும், பொண்டாட்டி கோவிச்சுக்குவா, இவ மட்டும் கைவிடமாட்டா" என்று பானெட்டைத் தட்டிச் சொல்வான். அவளும் சிரித்திருக்கிறாள்.

ஆழம் பார்க்காமல் அங்கே யாரும் ஆற்றில் வண்டியை இறக்குவதில்லை. ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி நடந்து இறங்குவார். மறுமுனை ஜீப்பின் முன்கொக்கியில் இருக்கும். கால் வழுக்கினால், ஸ்டியரிங்கில் இருப்பவர் ரிவர்ஸ் எடுத்து இழுத்துவிட வேண்டும். தோர்கெல் இறங்கினான். வழுக்கினான். ஸ்டியரிங்கில் இருந்தவன் அவன் நண்பன் கிரிமூர்.

இன்ஜின் அணைந்துவிட்டது என்றான் கிரிமூர். கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றி வெறுங்கையால் இழுத்தானாம். ஆறு பிடுங்கிக்கொண்டதாம். எல்லாம் முடிந்தபிறகு இன்ஜின் நல்லபிள்ளையாகக் கிளம்பியதாம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிவிட்டான் என்று ஊரே உச்சுக்கொட்டியது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கிரிமூர் அவள் வீட்டில்தான் சாப்பிட்டான்.

இப்போது அவன் கொட்டகை வாசலில் வந்து நின்றான், கையில் காபி பிளாஸ்க்கோடு.

"இன்னுமா ஓடுது இந்தச் சனியன்?"

"இன்னிக்கு ஒரு நாள்தான். அக்கரையில நம்ம ஆடு ரெண்டு நிக்குதாம். கூட்டிட்டு வந்துட்டா, திங்கக்கிழமை இது பழைய இரும்புக்குப் போயிடும்."

"நான் எப்பவோ சொன்னேன். நசுக்கிப் போட்டாத்தான் உன் மனசு ஆறும்." அவன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

"ஏம்பா, முன்னாடி இடம் காலியாத்தானே இருக்கு?"

அவன் முன்சீட்டைப் பார்த்தான். "ஈரமா இருக்கு" என்றான்.

தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

மதியம் தாண்டி ஆற்றங்கரை வந்தார்கள். மூடுபனியில் ஆறு சரியாகத் தெரியவில்லை. தண்ணீருக்கடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கரையில் ஆடுகள் இரண்டும் ஒட்டி நின்றன.

"நான் இறங்க மாட்டேன், ஹல்லா. அன்னிலேருந்து தண்ணியப் பாத்தாலே காலு நடுங்குது" என்று கிசுகிசுத்தான் கிரிமூர். ஹல்பேராவை அவன் ஹல்லா என்றுதான் கூப்பிடுவான்.

அவன்மேல் அவளுக்கு இரக்கம் சுரந்தது. "சரி, நான் இறங்கறேன். இந்த வண்டிய நான் நம்பல. உன்னைத்தான் நம்பறேன்."

கிரிமூர் ஸ்டியரிங்குக்கு மாறிக்கொண்டான். அவள் ரப்பர் உடுப்பை மாட்டி, கயிற்றை இடுப்பில் முடிந்து, மறுமுனையை முன்கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினாள். முழங்கால். தொடை. குளிர் எலும்புவரை போனது. நடு ஆற்றில் காலடிக் கல் புரண்டது.

தண்ணீர் அவளை மூடியது.

கயிறு விறைத்தது. வாயில் மணலோடு ஒரு நொடி மேலே வந்தாள். கரையைப் பார்த்தாள். ஜீப்பின் முன்சக்கரத்துக்குக் கீழே மண் சரிந்துகொண்டிருந்தது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஆனாலும் ஜீப் நகரவில்லை.

கதவு திறந்தது. கிரிமூர் ஒரு காலை வெளியே வைத்தான். அவன் கண் கொக்கிமேல் இருந்தது.

கொக்கிமேல்.

"கிரிமூர்!"

கதவு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு அறைந்து சாத்திக்கொண்டது. முன்கண்ணாடிக்குள் அவன் முகம் ஸ்டியரிங்கை விட்டு விலகி விலகிப் பின்னால் போனது. யாரோ அவனை உட்கார்ந்த வாக்கிலேயே இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது.

இன்ஜின் உறுமியது. ஜீப் பின்வாங்கியது.

அவசரமே இல்லாமல், சீராக, தோர்கெல் எப்போதும் எடுப்பானே அப்படி.

சரளைக் கல்மேல் கிடந்து நெடுநேரம் இருமினாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். சீட் கடைசி வரை பின்னால் போயிருந்தது. கிரிமூரின் கால்கள் பெடலுக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கின. கியர் குமிழில் சாம்பல் நிற வண்டல், ஐந்து விரலாகப் படிந்திருந்தது.

"நான் இல்ல, ஹல்லா... என் காலு எட்டவே இல்ல..."

"கதவை எதுக்குத் திறந்தே?"

அவன் பார்வை கொக்கிக்குப் போனது.

"கயித்தைக் கழட்டத்தானே?"

"கரை சரிஞ்சுது. வண்டியோட நானும் போயிருப்பேன்."

"அன்னிக்கும் கரை சரிஞ்சுதா?"

அவன் தலை கவிழ்ந்தது.

"இன்ஜின் அணையவே இல்ல. அப்படித்தானே?"

"...இல்ல."

ஒரு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்திருக்கிறாள். அவன் அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். கைவிட்டவனுக்குச் சோறு போட்டுவிட்டு, கைவிடாததை இருட்டில் பூட்டி வைத்திருக்கிறாள்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா. இறங்கு."

"ஹல்லா, இந்த மூடுபனியில..."

"ஆத்தோரமா மேல போனா இடையர் குடிசை இருக்கு. கால் இருக்குல்ல? நட."

அவன் பிளாஸ்க்கைக்கூட எடுக்கவில்லை. இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பனிக்குள் போனான். பார்த்தது அவளை அல்ல, ஜீப்பை.

ஹல்பேரா பானெட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு, இரும்பு சூடு தர, வாய்விட்டு அழுதாள். "உன்னைத் திட்டிட்டேனே. உன்னையே திட்டிட்டேனே."

ஆடுகளை நாளைக்குப் பார்க்கலாம் என்று, வீட்டுக்குக் கிளம்ப ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். நகரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். அசையவே இல்லை.

காதருகே யாரோ மூச்சு விட்டார்கள். வண்டல் வாடை வந்தது.

அவள் மெல்ல இறங்கினாள். சுற்றிப் போய், இருபது வருடம் உட்கார்ந்து பழகிய தன் பக்கத்து ஈரச் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"போலாம்" என்றாள்.

கியர் விழுந்தது. ஹெட்லைட் எரிந்தது. வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஜீப் இடப்பக்கம் திரும்பி, ஆற்றோரமாக மேலே, கிரிமூர் போன தடத்தில் ஏறியது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். என்றைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி அது.

அவள் சொல்லவில்லை.