‘வாரேன்’ என்ற பேய்

எருமப்பட்டியில் அறிவுச்செல்விக்குப் பேய்க்கதைக்காரி என்று பெயர். நூலகத்துக்குப் பேய் நாவல், விண்வெளி நாவல் எது வந்தாலும் முதல் ஆளாகப் படித்துவிடுவாள். அதோடு விட்டாளா? அவை படமாக வந்தால், பிடிக்காத காட்சிகளை அம்மாவின் செல்போனில் வெட்டி ஒட்டித் தன் இஷ்டத்துக்கு மாற்றியும் வைப்பாள். வேற்றுக்கிரகத்து ஆட்களைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்தவள் அவள்.

சில நாட்களாக அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. தம்பி செழியன்தான் காரணம்.

அவள் பேய்ப் படம் பார்த்தபோது அவனும் பின்னால் நின்று பார்த்துவிட்டான். ஆறு வயதுப் பிள்ளை. அந்தப் படத்தில் ஒரு பெண் பேய் வீடு வீடாக வாசலில் நின்று, மெதுவாக “வாரேன்” என்று சொல்லும். எல்லாரும் அலறியடித்து ஓடுவார்கள். அன்று முதல் அந்தச் சொல்லைக் கேட்டாலே செழியன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

எருமப்பட்டியில் அந்தச் சொல் இல்லாமல் பொழுது போகுமா? கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள்.

அப்பா ராசு லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பிவர வாரக்கணக்காகும். போன தடவை வாசலில் நின்று மகனிடம் “வாரேன் சாமி” என்றார். செழியன் வீறிட்டு அழுது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அப்பாவின் முகம் வாடிப்போனது. பெற்ற பிள்ளையே தன்னைக் கண்டு பயப்படுகிறானே என்று அவருக்கு வழியெல்லாம் வேதனை. நாளைக் காலையில் அவர் மறுபடியும் கிளம்புகிறார்.

“செழியா, நாளைக்கு அப்பாவை வழியனுப்ப வருவியா?” என்று அறிவுச்செல்வி கேட்டாள்.

“மாட்டேன். அந்தச் சொல்லைச் சொன்னா பேய் ஊட்டுக்குள்ள வந்துரும்.”

“அது உள்ள வாரதுக்குச் சொல்லலடா. கிளம்பறதுக்குச் சொல்லுது.”

செழியன் நிமிர்ந்து பார்த்தான்.

“உசுரோட இருந்தப்ப அது யாருகிட்டயும் சொல்லாமக் கிளம்பிப் போயிருச்சாம். அப்புறம் திரும்பி வரவே முடியல. அதனாலதான் இப்ப ஒவ்வொரு வாசலா நின்னு சொல்லுது. நாவல்ல அப்படித்தான் இருக்குது. படத்துல அதை விட்டுட்டாங்க.”

“சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் நிக்குது?”

“யாராச்சும் பதில் சொன்னாத்தானே போகும்? எல்லாரும் ஓடிடறாங்க.”

“ஒருத்தர்கூடச் சொல்லலையா?” செழியன் அக்காவை ஒட்டி வந்து உட்கார்ந்தான். “பாவம்க்கா.”

அறிவுச்செல்வி செல்போனை எடுத்தாள். அலறல்களை எல்லாம் வெட்டினாள். பேய் “வாரேன்” என்று சொல்லும் இடத்தோடு நிறுத்தினாள்.

“இப்ப நீ பதில் சொல்லு. உன் குரலை இதுல சேத்தறேன்.”

அவன் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். “பேய்க்கும் ‘ங்க’ போடோணுமா?”

“பெரியவங்கதானே. போடு.”

“போயிட்டு வாங்க,” என்றான் செழியன். குரல் நடுங்கினாலும் தெளிவாகத்தான் வந்தது.

படத்தின் தொடக்கத்தில் அந்தப் பெண் ஏரிக்கரையில் நடந்து போகும் காட்சி ஒன்று உண்டு. அதை அறிவுச்செல்வி எடுத்துக் கடைசியில் ஒட்டினாள். இப்போது பேய் “வாரேன்” என்றது. செழியனின் சின்னக் குரல் பதில் சொன்னது. அந்தப் பெண் திரும்பி, கரையோடு அமைதியாக நடந்து போனாள். செழியன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

மறுநாள் காலையில் அப்பா பையைத் தோளில் மாட்டினார். பிள்ளை பயப்படுவானே என்று வாயைத் திறக்காமல் படியிறங்கினார். அம்மாவிடம் கண்ணால் மட்டும் விடைபெற்றார்.

உள்ளே இருந்து செழியன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

“அப்பா, சொல்லாமப் போகாதீங்க.”

அப்பா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“வாரேன் சாமி.”

“போயிட்டு வாங்கப்பா.”

தெருமுனையில் லாரி திரும்பும்போது அப்பா ஹாரன் அடித்தார். செழியன் காதைப் பொத்தவில்லை. அவன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.