மாதிரி எண் 31

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் கணினியைப் போட்டபோது, திரையின் வலது கீழ் மூலையில் மணி பதினொன்று பத்து என்று இருந்தது. தேதி இரண்டு வருடம் பழையது. ஒரு செவ்வாய்க்கிழமை.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே பொட்டு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால் கணினிக்கு நாள் கிழமை மறந்துபோகும். பன்னிரண்டு வருடமாக இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட் அடிக்கிறவனுக்கு அதுகூடவா தெரியாது? தேதியைத் திருத்தினான். திருத்திய பிறகும் கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் இருந்தான். சிலருக்குக் கல்யாண நாள் நினைவில் நிற்கும். அவனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை.

அவனுடைய அறை ஒரு பெரிய அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிரே பிளாஸ்டிக் ஸ்டூல், மங்கலான கண்ணாடி போட்ட கதவு. மேசைக்கு அடியில் முழங்காலை இடித்துக்கொண்டு கணினிப் பெட்டி நின்றது. அதன் காற்றாடி வெளியே தள்ளுகிற வெதுவெதுப்பான காற்று நாள் முழுக்க அவன் கெண்டைக்காலில் பட்டுக்கொண்டிருக்கும். தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, அவனுக்குப் பழகிப்போனது. இன்று அதில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஊசி போடுமுன் தோலில் தடவுவார்களே, அந்தக் குளிர்ந்த வாசனை.

பரிசோதனைக்கூடம் பக்கத்து அறைதானே என்று நினைத்துக்கொண்டான். ஆனால் காற்று கீழேயிருந்து வந்தது.

அவனுடைய வேலைமுறை இதுதான். புது ரிப்போர்ட்டுக்குப் புதுத் தாள் திறப்பதில்லை. முந்தைய ஆளின் ரிப்போர்ட்டைத் திறப்பான். அதன் மேலேயே பெயரை மாற்றுவான், வயதை மாற்றுவான், பக்கத்து அறையில் ரத்தம் எடுத்துச் சோதித்துவந்த லேப் அக்கா எழுதியனுப்பிய சீட்டைப் பார்த்து எண்களை மாற்றுவான், வேறு பெயரில் சேமிப்பான். நேரம் மிச்சம். இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கிழவரின் ரிப்போர்ட்டை அடித்து முடித்திருந்தான். சர்க்கரை 412, மாதிரி எண் 31. அடுத்தது ஒரு பள்ளி ஆசிரியை. கிழவருடையதைத் திறந்து பெயரை மாற்றினான், வயதை மாற்றினான். தொலைபேசி அடித்தது. பேசி முடித்துவிட்டு, எல்லாம் மாற்றியாயிற்று என்ற நினைப்பில் அச்செடுத்தான். மணி பதினொன்று பத்து. ஆசிரியையின் உண்மையான சர்க்கரை 92. தாளில் போனது 412. வேறெங்கோ ஒரு மருத்துவர் அந்தத் தாளை நம்பி இன்சுலின் போட்டார். ஆசிரியை மத்தியானம் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

விசாரணை வருமுன் அவன் கம்பியில் குத்தியிருந்த சீட்டை உருவினான். 92 என்று லேப் அக்கா தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதிய சீட்டு. அதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதே போன்ற உருண்டை எழுத்தில் 412 என்று ஒரு சீட்டு எழுதிக் குத்தினான். லேப் அக்காவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். போகும்போது அவள் இந்தக் கதவருகே நின்று, கோபமில்லாமல், ஏதோ சாவியைக் கேட்பதுபோல் கேட்டாள்.

“நான் தொண்ணூத்திரெண்டுன்னுதானே தம்பி எழுதினேன்?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதன் பிறகு எந்த லேபிலும் அவளைச் சேர்க்கவில்லை. அவள் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினாள், பிறகு பேச்சை, பிறகு சாப்பாட்டை. போன மாதம் இறந்துபோனாள்.

அவளுடைய தம்பி, வெல்டர், போன வெள்ளிக்கிழமை நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவைப் பார்க்க வந்தான். அதிகம் பேசாத ஆள். அக்கா கடைசியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கணினியில் போய்ப் பார். அன்றைய ரிப்போர்ட்டுகளை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். டாக்டரம்மா யோசித்து, வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அங்கேதான் அவன் கழுத்துக்குக் கயிறு இருந்தது. அவன் ஆசிரியையின் தாளில் மாதிரி எண்ணையும் மாற்றவில்லை. அன்று யாரும் தாளின் அடிக்கோடியைப் பார்க்கவில்லை. ஆனால் கிழவருடைய ரிப்போர்ட்டையும் ஆசிரியையுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் புரியும். இரண்டிலும் 31.

ஆகவே கணினி கெட்டுப்போவது அவனுக்கு நல்லதுதான். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி. திங்கட்கிழமை மத்தியானம்வரை அப்படித்தான் நினைத்தான்.

புதுப் பேட்டரி வாங்கிப் போட்டான். அணைத்துப் போட்டால் மீண்டும் பதினொன்று பத்து. ரிப்போர்ட் அடிக்கப்போனால் திரை உறைந்தது; நீளமாக ஒரு கூவல், குட்டையாக இரண்டு கூவல், அப்புறம் இருட்டு. மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். காற்றாடியின் தூசியை ஊதினான். ஊதிய காற்று திரும்பி முகத்தில் அடித்தது, ஈரமாக. வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்து, வேலை என்று வந்தால் மட்டும்தான் அதற்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, எல்லாம் உங்களிடம் கற்றுக்கொண்டதுதான் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஆசிரியையின் அந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் திறந்தது. ஒவ்வொரு முறையும். தட்டினால் போதும், தடையே இல்லாமல், தயாராகக் காத்திருந்ததைப்போல. அழித்தான். குப்பையையும் காலி செய்தான். அணைத்துப் போட்டான். அது இருந்த இடத்திலேயே இருந்தது. சேமித்த நேரம், பதினொன்று பத்து.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மின்சாரம் தரும் பகுதியை மாற்றிப் பார்த்தார், மெமரியை மாற்றிப் பார்த்தார், காதை வைத்து டிஸ்க் சுற்றும் ஓசையைக் கேட்டார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசில்தான் என்னவோ என்றார். தேதியைப் பற்றி அவன் கேட்டதும் சிரிப்பு நின்றது.

“செத்த பேட்டரி கடிகாரத்த ஆரம்பத்துக்குத்தான் சார் கொண்டுபோகும். நடுவுல ஒரு நாளாப் பாத்து நிக்காது. யாராவது உக்காந்து வெச்சாத்தான் உண்டு.”

அவர் போன பிறகு அவன் மேசைக்கடியில் குனிந்து கேட்டான். காலுக்கடியில் காற்றாடி சுற்றியது. வேகமாக, பிறகு மெதுவாக. வேகமாக, பிறகு மெதுவாக. எந்தக் காற்றாடியும் அப்படிச் சுற்றாது. மூச்சு மட்டும்தான் அப்படிப் போகும்.

அவன் டாக்டரம்மாவிடம் போய், டிஸ்க் செத்துவிட்டது, மீட்க ஒன்றுமில்லை, புதுசு வாங்கிவிடலாம் என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அப்படியானால் அந்த வெல்டர் தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார்.

புதன்கிழமை கடையில் வரிசையாகப் புதுத் திரைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சரியான நேரம். அதைப் பார்க்கவே அவனுக்கு வயிறு குளிர்ந்தது. விற்பனையாளர் வேகம், கொள்ளளவு என்று அடுக்கிக்கொண்டே போனார். எதையும் அவன் காதில் வாங்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: இதற்கு முன் யாராவது இதைத் தொட்டிருக்கிறார்களா? பெட்டி முத்திரைகூடப் பிரிக்கவில்லை என்றார். பழைய டிஸ்கில் இருப்பதையெல்லாம் இதில் ஏற்றித் தரவா என்று கேட்டார். வேண்டாம்.

“ஒண்ணுமேவா? புதுப் பொண்டாட்டி வந்ததும் பழைய போட்டோவெல்லாம் எரிக்கிற ஆளா சார் நீங்க?”

அவனும் சிரித்துவைத்தான்.

மத்தியானம் பழைய டிஸ்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். மின்சாரத்திலிருந்து பிரித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. குளியலறைத் தரையில் வைத்தபோது அது சூடாக இருந்தது, அப்போதுதான் பிறந்த குட்டியின் வயிற்றைப்போல. சுத்தியலால் அடித்தான். உள்ளே கண்ணாடிபோல் ஒரு வட்டத் தகடு. அதையும் அடித்தான், அது தூளாகும்வரை, தூள் மினுக்கும் தண்ணீராகும்வரை. நான்கு தெருக்களின் குப்பைத் தொட்டிகளில் பிரித்துப் போட்டான். அன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை காலை புதுக் கணினியை மேசையில் ஏற்றினான். அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக் கத்தரிக்கோலால் அறுத்து, கம்பிகளைச் செருகி, போட்டான். ஒரே தடவையில் எழுந்தது. சரியான தேதி. சரியான நேரம். காற்றாடியின் ஓசைகூட இல்லை. வாசனை இல்லை. வெள்ளைத் திரை, ஈரம் காயாத சுவரைப்போல்.

பன்னிரண்டு மணிக்கு வெல்டர் வந்தான். டாக்டரம்மா நோயாளிகளோடு இருந்தார். வெல்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, தீப்பொறித் தழும்புகள் விழுந்த கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். டிஸ்க் போய்விட்டதையும், எவ்வளவோ முயன்றதையும், தனக்கும் வருத்தம்தான் என்பதையும் இவன் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் தெளிவானது. இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கதவுக்கு அப்பால் வரவேற்புப் பெண் யாருக்கோ நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சரிண்ணே. எங்க அக்கா பேச்ச விட்டதுக்கு அப்புறம் மடியில விரல வெச்சு எதையோ தட்டிக்கிட்டே இருப்பா. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்னு இல்ல. கைய புடிச்சாலும் நிக்காது. ஒரு ரிப்போர்ட்ட எப்படி அடிப்பீங்க? கண்ணால பாத்துட்டுப் போறேன்.”

அவ்வளவுதானே. இவன் புதுத் தாள் ஒன்றைத் திறந்தான். பாருங்கள், நாங்கள் எப்போதும் வெற்றுத் தாளில்தான் தொடங்குவோம் என்றான். விரல்களை விசைகள்மேல் வைத்தான்.

விரல் நுனிகள் குளிர்ந்தன.

மணிக்கட்டுத் தோல் ஒரு சுருக்கம் கண்டது. யாரோ அதை முழங்கைப் பக்கமாக இழுத்துவிட்டதுபோல். பிறகு ஒவ்வொரு விரலாக. கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். ரப்பர் கையுறை போடுகிறவர்கள் விரலிடுக்குகளை அழுத்தி அழுத்திச் சரிசெய்வார்களே, அப்படி. உள்ளேயிருந்து. இவனுடைய கைகளுக்குள் இன்னொரு ஜோடிக் கைகள் நுழைந்து, இடம் பார்த்து, பொருந்திக்கொண்டன.

கைகள் அடிக்கத் தொடங்கின.

மாதிரி எண்: 31.
சர்க்கரை, இருந்தது: 92.
சர்க்கரை, அடித்தது: 412.
அடித்தவர்: நான்.
சீட்டைக் கிழித்தவர்: நான். கழிவறையில்.
மறு சீட்டு எழுதியவர்: நான்.

வெல்டர் ஸ்டூலை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்தான்.

இவன் கைகளை எடுக்கப் பார்த்தான். தோள் எழுந்தது. கைகள் எழவில்லை. கத்தப் பார்த்தான். தொண்டையில் காற்று மட்டும் இருந்தது. காலால் சுவரிலிருந்த மின்கம்பியை உதைத்தான். கம்பி பிடுங்கிக்கொண்டது. திரை இருண்டது.

விசைகளின் ஓசை நிற்கவில்லை. இருண்ட திரைக்கு எதிரே, வரி வரியாக, நிதானமாக.

பிறகு நின்றது.

இடது கை தானாகவே திரும்பியது. உள்ளங்கை மேல்நோக்க, மேசைமீது நீண்டு படுத்தது. அதன் விரல்கள் மடங்கி முஷ்டியாகின. இறுகின. வலது கையின் இரண்டு விரல்கள் முழங்கை மடிப்புக்கு வந்தன. தடவின. அழுத்தின. இரண்டு தட்டு தட்டின, மென்மையாக, வலிக்கப்போவதற்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்வதுபோல்.

நரம்பு எழும்பி நின்றது. நீலமாக. தடித்து.

வெல்டர் அந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்கள் நிறைந்தன.

“அக்கா,” என்றான்.

வலது கை மேசைமீது துழாவத் தொடங்கியது. சுட்டியைத் தொட்டு விட்டது. காகிதங்களைத் தொட்டு விட்டது. எதையோ தேடியது. இவன் வாயைத் திறந்து தலையை ஆட்டினான், வேண்டாம் என்று, வெல்டரைப் பார்த்து, மீண்டும் மீண்டும்.

வெல்டர் எழுந்து கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தான். அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தான். கூர்முனை தன் பக்கமாகவும் பிடி எதிரே இருப்பவர் பக்கமாகவும் வரும்படி திருப்பினான், பட்டறையில் கருவியைக் கைமாற்றுவதுபோல்.

மரியாதையாக, அந்தக் கையில் கொடுத்தான்.